‘பார்டர்’ சர்க்கரைக்கு மாத்திரை போடணுமா?

கேள்வி: டாக்டர், மண்டபம் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். எனக்கு வயது 39. பல வருடம் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். முதுகுவலி வந்ததால் நாலு வருடமாக வீட்டிலேயே தையல். போன மாதம் ஒரு முகாமில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 106, இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 158, மூன்று மாதச் சராசரி 6.0. ‘பார்டரில் இருக்கு’ என்றார்கள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், இன்னும் வாங்கவில்லை. இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்த வியாதி என்கிறார் கொழுந்தனார். சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுத்தாகிவிட்டது, அதனால் பயமாக இருக்கிறது. இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கும் சர்க்கரை இருந்து, அப்புறம் சரியாகிவிட்டது. ஹீமோகுளோபின் 9 தான் இருக்கிறது. நான் மாத்திரை போடணுமா, வேண்டாமா?

பதில்: சகோதரி, ரொம்ப முக்கியமான இரண்டு விஷயங்களைக் கடைசி வரிகளில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். பிரசவ காலத்துச் சர்க்கரை ஒன்று, ஹீமோகுளோபின் 9 இன்னொன்று. உங்கள் கேள்விக்கான பதில் பாதி அந்த இரண்டில்தான் இருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வாங்காமல் இருந்ததில் தப்பில்லை, ஆனால் ‘வேண்டவே வேண்டாம்’ என்று முடிவுகட்டியும் விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், முதலில் கொழுந்தனாரிடம் போய்விட்டு வருவோம்.

அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 தொட்டால்தான் பார்டர் என்று முன்பு வைத்திருந்தார்கள். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003-இல் அதை 100 ஆக இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் 110-ஐத்தான் வைத்திருக்கிறது. ஆக உங்கள் 106 அமெரிக்கக் கணக்கில் பார்டர், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நார்மல். அதே ரத்தம், அதே நாள்! கோட்டை எங்கே போடுவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தான் என்பது சரியில்லை. இதற்கு எழுதித் தரும் மெட்ஃபார்மின் ரொம்பப் பழைய மாத்திரை, விலை மலிவு, அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுக்கிறார்கள். அதைவிட, இந்த விஷயத்தில் முதலில் நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றில் மாத்திரையே கிடையாது.

சீனாவில் டாச்சிங் என்று ஒரு ஊர், எண்ணெய் எடுக்கும் ஊர். 1986-இல் அங்கே பார்டர் நிலையில் இருந்த 577 பேரைப் பிடித்து, சிலருக்குச் சாப்பாட்டை மாற்றச் சொல்லி, சிலருக்கு நடையும் உடற்பயிற்சியும் சொல்லி, சிலருக்கு இரண்டையும் சொல்லி, மிச்சப் பேரை வழக்கம்போல விட்டுவிட்டு, ஆறு வருடம் நடத்தினார்கள். அப்புறம் அதே ஆட்களை 30 வருடம் வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சராசரியாக நாலு வருடம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைவு. ஆயுளும் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறையக் கூடியிருந்தது. சரி, சர்க்கரையே வராமல் போனதா என்றால், இல்லை. 20 வருடம் ஆனபோது சும்மா விட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கும், கவனித்துக்கொண்டவர்களில் 80 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. தள்ளிப்போடுவதுதான் நிஜமான லாபம். அம்மாவின் காலைப் பக்கத்தில் இருந்து பார்த்த உங்களுக்கு, சர்க்கரையோடு வாழும் வருடங்களில் நாலு குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சீனாக்காரன் உடம்பு வேறு, நம்ம உடம்பு வேறு என்பீர்கள். நியாயமான கேள்விதான், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரும் இதைக் கேட்டுத்தான் ஆய்வு செய்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. பார்டரில் இருந்த 531 பேர், நாலு பிரிவு. முதல் பிரிவுக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும், மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின், நாலாவதுக்கு இரண்டும். மூன்று வருடம் முடிந்தபோது முதல் பிரிவில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளியாகிவிட்டார்கள். மற்ற மூன்று பிரிவிலும் ஏறக்குறைய 40 பேர். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. நடையும் சாப்பாடும் என்ன பலன் தந்ததோ அதையேதான் மாத்திரையும் தந்தது, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்று, அந்தப் பிரிவுகளில் ஆட்கள் பெரிதாக எடை குறையவே இல்லை. எடை குறையாமலே பலன் கிடைத்தது! எடை மெஷினில் முள் நகரவில்லை என்று பத்தாவது நாளே நடையை விட்டுவிட்டு வந்து உட்காரும் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கூடவே கசப்பான பக்கத்தையும் பாருங்கள். மூன்று வருடத்துக்குள் 55 பேர் என்பது ரொம்ப வேகம். நம்ம ஆட்களுக்கு, ஒல்லியாக இருப்பவர்களுக்குக்கூட, பார்டரிலிருந்து நோய்க்குப் போகும் பாதை குட்டையானது. டாக்டர் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ‘கொஞ்சம்தான் கூட இருக்கு, பரவாயில்லை, சீனியைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்பிய ஆள்தான். அப்படி அனுப்பியவர்களில் சிலர் இரண்டே வருடத்தில் 250 சர்க்கரையோடு திரும்பி வந்தபோதுதான் புத்தி வந்தது. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் 13.6 கோடிப் பேர் உங்களைப்போல் பார்டரில் இருக்கிறார்கள். அதனால் ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற யோசனை வேண்டாம்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். இட்லி சாப்பிட்டு எடுத்த 158-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நாலு இட்லியா ஆறு இட்லியா, சட்னியா சாம்பாரா, நடந்து வந்தீர்களா பஸ்ஸில் வந்தீர்களா என்பதைப் பொறுத்து அது ஆடும். சரியான சோதனை என்பது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நரம்பிலிருந்து ரத்தம் எடுப்பது. கர்ப்பமாக இருந்தபோது அந்தத் தித்திப்புத் தண்ணீரை உங்களிடம் கொடுத்துக் குடிக்கச் சொல்லியிருப்பார்கள், குமட்டியிருக்கும், அதேதான். முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் டீகூட இல்லாமல் போக வேண்டும். அதற்கு முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும், சோதனை நல்லா வரட்டும் என்று பட்டினி கிடந்தால் கணக்கு தப்பாகும். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். 140-க்குக் கீழே என்றால் நிம்மதி, 140 முதல் 199 வரை பார்டர், 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்க்கிறார்களே, அது ஆளைக் கண்டுபிடிக்க உதவும். நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

இந்தச் சோதனைக்கு நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், நான் சொன்ன சீனா ஆய்வும் சென்னை ஆய்வும் இந்தக் குளுக்கோஸ் சோதனையில் பார்டர் என்று தெரிந்தவர்களை வைத்துத்தான் நடந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூட இருப்பவர்கள் வேறு ரகம். ராத்திரி முழுக்கக் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. சாப்பிட்ட பிறகு ஏறுபவர்களுக்குப் பிரச்சினை தசையில், வந்த சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்வதில்லை. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 578 பேரை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வு 2016-இல் வந்தது. அதில் மொத்தமாகப் பார்த்தால் சர்க்கரை நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூட இருந்தவர்களுக்கு 12 சதவீதம்தான். ஆக நீங்கள் எந்த ரகம் என்று தெரியாமல் நானும் குத்துமதிப்பாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

அடுத்து, அந்த 6.0. மூன்று மாதச் சராசரி என்பது ரத்த சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற அளவு. 5.7 முதல் 6.4 வரை பார்டர். ஆனால் இரும்புச்சத்து இல்லாமல் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உங்கள் ஹீமோகுளோபின் 9. உங்கள் நிஜ எண் 6.0-தானா, அதற்குக் கீழேயா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை எழுதிய டாக்டர் இதைக் கேட்டாரா என்று தெரியவில்லை, முகாமில் கூட்டம் நெரித்திருக்கும், அவரைக் குறை சொல்லவில்லை. முதலில் ரத்தசோகைக்குக் காரணம் பாருங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சியா என்று டாக்டரிடம் கேட்டு, இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள், அதைச் சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள். ஹீமோகுளோபின் ஏறி, மூன்று நாலு மாதம் கழித்து அந்தச் சராசரியைத் திரும்ப எடுங்கள். குளுக்கோஸ் சோதனைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், ரத்தசோகை அதைப் பெரிதாகக் குழப்பாது. இந்த வாரமே செய்யலாம்.

பிரசவ காலத்துச் சர்க்கரை ‘சரியாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியாகவில்லை, ஒதுங்கி நிற்கிறது. ஒருமுறை வந்தவர்கள் வாழ்நாள் முழுக்க, எல்லாம் நார்மலாக இருந்தாலும், விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரை விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்லாததற்கும் இதுதான் காரணம். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நடையும் உணவும் 58 சதவீதம் தடுத்தன, மெட்ஃபார்மின் 31 சதவீதம்தான். ஆனால் பிரசவ காலத்தில் சர்க்கரை வந்த பெண்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மெட்ஃபார்மினும் பாதிக்குப் பாதி தடுத்திருந்தது, அநேகமாக நடைக்குச் சமம். உங்களை மாதிரி ஆளுக்கு அந்த மாத்திரை வீண் இல்லை என்று அர்த்தம்.

அதனால் என் யோசனை இது. குளுக்கோஸ் சோதனையில் பார்டர் என்று வந்தால், ஆறு மாதம் உடம்பை அசைத்துப் பாருங்கள், சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கப்புறமும் எண் ஏறினாலோ, ரத்தசோகை சரியான பிறகும் சராசரி 6-க்கு மேல் நின்றாலோ, மெட்ஃபார்மின் போடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் டாக்டர்கள் முதலில் சொன்ன சென்னை ஆய்வில் (ராமச்சந்திரன் குழு) கொடுத்தது 250 மில்லிகிராம் காலையும் இரவும். அமெரிக்காவில் 850 இரண்டு வேளை. சின்ன அளவே நம்ம ஆட்களுக்கு வேலை செய்திருக்கிறது, உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் அடங்கும். தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை ஒன்று, வருடக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் சோதனை ஒன்று. மீன் சாப்பிடுகிற வீடு என்பதால் பி12-இல் உங்களுக்குக் கொஞ்சம் சாதகம்.

இனி தையல் மெஷின். தையல்காரர் என்பதால் இஞ்ச் டேப் கையிலேயே இருக்கும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 31 அரை இஞ்சைத் தாண்டினால் கவனம். சென்னையில் டாக்டர் மோகன் குழு உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, 60 வந்தாலே அபாயம் அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். 35 வயது தாண்டியதற்கு 20, அம்மாவுக்கு இருப்பதற்கு 10, உட்கார்ந்த வேலைக்கும் உடற்பயிற்சி இல்லாததற்கும் சேர்த்து 30. டேப்பை எடுக்கும் முன்பே உங்களுக்கு 60 வந்துவிட்டது. இதில் வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது, அந்த 30-ல்தான் கை வைக்க முடியும்.

பாசி எடுக்கப் போன காலத்தில் மணிக்கணக்கில் கடல் தண்ணீரில் முங்கி எழுந்து, ஈரச் சுமையைத் தூக்கி வந்தீர்கள். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான், அந்தத் தசை அப்போது நாள் முழுக்க வேலை செய்தது. தையலுக்கு வந்ததும் அது அப்படியே நின்றுபோனது. மெஷினில் மோட்டார் மாட்டியிருந்தால் காலால் மிதிக்கிற வேலையும் போச்சு. ஆனால் தட்டில் சோறு மட்டும் பாசி எடுத்த காலத்து அளவிலேயே இருக்கும், நான் பார்த்த நிறையப் பேருக்கு அப்படித்தான். ராமச்சந்திரன் குழுவின் சென்னை ஆய்வில் கேட்டது தினம் அரை மணி நேர நடை, அவ்வளவுதான். ஏற்கெனவே உடலுழைப்பு செய்கிறவர்களிடம் அதையே தொடரச் சொல்லிவிட்டார்கள்.

பெண்பிள்ளை தனியாக ரோட்டில் கை வீசி நடந்தால் ‘எங்கே போறே, என்ன விசேஷம்’ என்று நாலு பேர் கேட்பார்கள், தெரியும். மதினியைக் கூட்டிக்கொண்டு வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் நடங்கள், மணலில் நடப்பது தார் ரோட்டைவிடக் கடினம், லாபம்தான். ஒரேயடியாக முடியாவிட்டால் மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்து நிமிடம் முற்றத்தில் நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை மெஷினை விட்டு எழுந்திருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுங்கள். முதுகுவலி கூடினால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மதினியின் கருப்பட்டிக்கு வருவோம். கோபித்துக்கொள்ள வேண்டாம், கருப்பட்டி நம்ம ஊர்ச் சொத்து, எனக்கும் கருப்பட்டிக் காப்பி பிடிக்கும். ஆனால் பதநீரைக் காய்ச்சி இறுக்கியதுதானே அது? பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. காய்ச்சினால் தண்ணீர் போகும், சர்க்கரை எங்கே போகும்? சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான் கருப்பட்டியிலும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது. கொஞ்சம் தாதுச்சத்து கூட, அதற்காக இரண்டு துண்டு போட்டுக் குடித்தால் சர்க்கரைக்கு அது தெரியப்போவதில்லை. கீழக்கரையிலிருந்து யாராவது தொதல் இனிப்பு கொண்டுவந்தால் ஒரு துண்டு சாப்பிடுங்கள், டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள்.

நிஜமாகக் குறைய வேண்டியது சீனியைவிடச் சோறு. மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ள மீன் என்பது நம்ம பழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கரண்டி சோறு குறையட்டும், அந்த இடத்தில் இன்னும் இரண்டு சாளையோ ஒரு கைப்பிடி காரலோ வரட்டும், பொரிக்காமல் குழம்பாக. ஐசிஎம்ஆர் ஆய்வுக்காரர்கள் இந்தியர்களின் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதே மாதிரிதான். பார்டரிலிருந்து கீழே இறங்க, மொத்தச் சக்தியில் மாவுச்சத்து 50 முதல் 56 சதவீதத்துக்குள்ளும் புரதம் 20 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும் என்கிறார்கள். காய்கறி நம்ம பக்கம் விலை, எல்லாம் வெளியூரிலிருந்து வர வேண்டும். வீட்டுப் பின்னால் முருங்கை நின்றால் கீரையை வாரம் நாலு நாள் போடுங்கள், ரத்தத்துக்கும் ஆகும்.

சிக்கல் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, கையில் காசு இருக்காது, ரேஷன் அரிசியும் கருவாடும்தான் ஓடும். அந்த இரண்டு மாதத்தில் டயட் பட்டியல் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கும். அப்போது முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், மலிவாகக் கிடைக்கும் நாட்டுப்படகு மீன், இவற்றில் எது முடியுமோ அது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவி உப்பை எடுங்கள். நடைக்குக் காசு வேண்டாம், அது மட்டும் நிற்க வேண்டாம்.

போனில் ‘ஏழே நாளில் சர்க்கரை ஒழியும்’ வீடியோ யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள். அதற்காகப் போன் எதற்கும் உதவாது என்றும் சொல்ல மாட்டேன். 2013-இல் வந்த ஓர் ஆய்வில் இந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களில் பாதிப் பேருக்குச் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் நடை, சாப்பாடு பற்றி நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடத்தில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. ஆண்களை மட்டும் வைத்த ஆய்வு, ஆனாலும் மகளிடம் சொல்லி தினம் மாலை ஐந்தரைக்கு ‘அம்மா, நடை’ என்று போனில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரையும் வீட்டுக்காரரையும் ஒருநாள் ரத்தம் எடுக்கக் கூட்டிப் போங்கள், கடலில் வலை இழுக்கிறவனுக்குச் சர்க்கரை வராது என்பதெல்லாம் கதை. உங்கள் குளுக்கோஸ் சோதனை முடிவு வந்ததும், வெறும் வயிற்று எண், இரண்டு மணி நேர எண், இடுப்பளவு, புது ஹீமோகுளோபின் நாலையும் எழுதி அனுப்புங்கள். பழைய பிரசவ ரிப்போர்ட் பெட்டிக்கடியில் கிடந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள், உங்கள் டாக்டருக்கு அது வேண்டியிருக்கும்.